லூயி ஆம்ஸ்ட்ராங்: உலகையே கட்டிப்போட்ட ட்ரம்பெட் ஒலிக்கு அவர் உதடு கொடுத்த விலை என்ன?

ட்ரம்பெட்டில் இருப்பது 3 வால்வுகள்தான். அவற்றை வைத்து 7 விதமாகத்தான் குழாயின் நீளத்தை மாற்ற முடியும். மீதி சுரங்களையெல்லாம் உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் பிரித்துத் தரணும். அதனால்தான் ஒரே சுரத்தை நடுங்காமல் பிடித்து நிறுத்துவது ட்ரம்பெட் கலைஞர்களின் தினசரிப் பயிற்சி. அதில் உச்சம் தொட்டவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அதற்கான விலையையும் அவரே கொடுத்தார்.

எங்கே கற்றார்?

1901 ஆகஸ்ட் 4-ம் தேதி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு உற்சாகத்தில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகப் போலீஸ் பிடித்தது. அப்போது வயது 11. சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் சுமார் 18 மாதம் இருந்தார். அங்கே இசை ஆசிரியர் பீட்டர் டேவிஸ் கையில் பியூகிள் கிடைத்தது. பிறகு ட்ரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட். பியூகிளில் வால்வே கிடையாது. உதடும் மூச்சும் மட்டும்தான். ஒலியைச் சீராக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

1922-ல் கிங் ஆலிவர் அழைக்க, சிகாகோ போனார். 1928 ஜூன் 28-ல் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' இசைத்தட்டின் கடைசிப் பகுதியில் ஒரே உச்ச சுரத்தை சுமார் 10 விநாடி அசையாமல் நிறுத்துகிறார். கேட்டுப் பாருங்க.

உதடு ஏன் கிழிந்தது?

மௌத்பீஸை உதட்டில் அழுத்தினால் உச்ச சுரம் சட்டென்று வரும். ஆனால் ரத்த ஓட்டம் குறையும், உதடு வீங்கும், கிழியும். 1930-களின் தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ராங் இரவுக்கு இரவு உச்ச சுரங்களை அடுக்கிக் கைதட்டல் வாங்கினார். உதடு திரும்பத் திரும்பக் கிழிந்தது. 1934-ல் பாரிஸில் பல மாதம் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று.

இன்றும் ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான்: அழுத்தாதீங்க. மெல்லிய ஒலியில், ஒரு சுரத்தை மூச்சு தீரும்வரை ஊதுங்க. ஊதிய நேரத்துக்கு இணையாக உதட்டுக்கு ஓய்வு கொடுங்க.

பிறகு என்ன மாற்றினார்?

சுரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். மெட்டை நிதானமாக, முழு நாதத்தோடு வாசித்தார். உதட்டுக் களிம்பு எப்போதும் உடனிருந்தது. அந்தப் பாணி பம்பாய் வரை எட்டியது. கோவாவில் பிறந்த சிக் சாக்லேட்டை 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்றே அழைத்தார்கள்.

1964 மே மாதம், 62 வயதில், 'ஹலோ, டாலி!' மூலம் பீட்டில்ஸை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கினார். பின்னர் உடல்நிலை மோசமாகி, ட்ரம்பெட்டைத் தொடக் கூடாது என்று டாக்டர்கள் தடுத்தார்கள். கொஞ்ச காலம் கேட்டார், அவ்வளவுதான். 1971 மார்ச்சில் நியூயார்க்கில் 2 வாரம் மேடையேறினார். அந்த ஆண்டு ஜூலை 6-ல் இறந்தார். 70 வயது நிறைய இன்னும் ஒரு மாதமே இருந்தது.