ஆயிரம் இதயங்களை ஆராய்ந்த அம்மையார்

நூறு குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் ஏறத்தாழ ஒரு குழந்தை இதயத்தில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கிறது. இதயச் சுவரில் ஓட்டை, குழாயில் அடைப்பு, இடம் மாறிய இரத்தக் குழாய் எனக் குறைகள் பலவகை. இன்று அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் சிகிச்சை பெற்று, பள்ளிக்குச் சென்று, நம்மோடு ஓடி விளையாடுகின்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. பிறவி இதயக் குறை என்பது அரியதொரு விந்தை. அதற்கு மருந்தும் இல்லை, வழியும் இல்லை என்றே மருத்துவர் பலர் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தை மாற்றியவருள் முதன்மையானவர் கனடா நாட்டின் டாக்டர் மோட் ஆபட் அம்மையார். அவரது வாழ்வை இம்மலரில் நாம் நினைவுகூர்வோம்.

கியூபெக் மாநிலத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஈஸ்ட் என்னும் சிற்றூரில் மோட் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டு அகன்றார். குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன்பே தாய் காசநோயால் மாண்டார். தாயற்ற மோட்டையும் அவர் அக்காள் ஆலிஸையும் தாயின் தாயான பாட்டி எடுத்து வளர்த்து, தம் குடும்பப் பெயரான ஆபட் என்பதையே அவர்களுக்கு வழங்கினார். பதினைந்து வயது வரை வீட்டில்தான் படிப்பு. எப்போது பள்ளிக்குச் செல்வோம் என்ற ஏக்கத்தைச் சிறுமி மோட் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பள்ளி மணி அடித்தும் எழ மனமில்லாத நாள்களில் நாம் இச்சிறுமியை எண்ணிக் கொள்ளலாம்!

மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கலைப் பிரிவில் இடம் தரத் தொடங்கியது 1884ஆம் ஆண்டில்தான். அதன் பின் விரைவிலேயே உதவித்தொகை பெற்று அங்கே சேர்ந்த மோட், 1890இல் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்றார். அடுத்து மருத்துவம் பயில விரும்பினார். பெண் என்ற ஒரே காரணத்தால் மெக்கில் மருத்துவப் பிரிவு மறுத்துவிட்டது. நகரத்தார் பலர் அவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தும் பயனில்லை. அவர் மனம் தளரவில்லை. அதே நகரில் பிஷப்ஸ் கல்லூரி நடத்திய மருத்துவப் பிரிவு இடம் அளித்தது. தம் வகுப்பின் ஒரே பெண்ணாகப் பயின்று, 1894இல் பரிசுகளுடன் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் அக்காளுடன் ஐரோப்பா சென்று, வியன்னா முதலிய நகரங்களில் மேற்படிப்புப் படித்தார். அங்கே ஆலிஸ் கடும் நோயுற்றார், மனநலமும் குன்றியது. 1897இல் நாடு திரும்பிய மோட், அக்காள் இறக்கும் வரை அவரைப் பேணும் பொறுப்பையும் தம் தோளில் சுமந்தார். இனி நாம் சொல்லப்போகும் உழைப்பெல்லாம் இச்சுமையோடு சேர்ந்தே நடந்தது.

மான்ட்ரியாலில் அவர் இதய ஒலிகளைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி, மருத்துவர் சங்கக் கூட்டத்தில் படிக்கப்பட்டது. படித்தவர் அவரல்லர். பெண்கள் உறுப்பினராக இல்லாத சங்கமாதலால், ஆண் மருத்துவர் ஒருவர் அவருக்காகப் படித்தார். கட்டுரையின் சிறப்பைக் கண்ட சங்கம் பின்னர் அவரையே தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது. கல்லீரல் நோய் பற்றிய அவரது மற்றோர் ஆராய்ச்சி 1900இல் லண்டன் நகரின் நோய்க்குறியியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. நோய் நம் உறுப்புகளை எவ்வாறு மாற்றுகிறது என்று ஆராயும் துறையே நோய்க்குறியியல்.

மாணவியாக அவரைச் சேர்க்க மறுத்த மெக்கில் மருத்துவப் பிரிவு, 1898இல் தன் அருங்காட்சியகத்தில் அவருக்கு ஒரு வேலை தந்தது. என்ன வேலை? நோயுற்று இறந்தவர்களின் உறுப்புகள் கண்ணாடிச் சாடிகளில் வரிசை வரிசையாக இருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தி அட்டவணை எழுத வேண்டும். பலர் சலிப்பூட்டும் பணி என்று ஒதுக்கியிருப்பர். அவ்வாண்டு பால்டிமோர் நகரில் அவர் சந்தித்த புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர், அச்சாடிகள் எத்துணை அரிய செல்வம் என்பதை உணர்த்தினார். ஆஸ்லர் இளமையில் மான்ட்ரியாலில் ஆராய்ந்த உறுப்புகளும் அவற்றுள் இருந்தன.

ஒருநாள் விந்தையான ஓர் இதயம் மோட்டின் கண்ணில் பட்டது. கீழறை இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே பெரிதாக இருந்தது. இது யாருடையது? ஆஸ்லரிடம் கேட்டும், பழைய ஏடுகளைப் புரட்டியும் விடை கண்டார். மெக்கில் மருத்துவப் பிரிவின் முதல் தலைவரான ஆண்ட்ரூ ஹோம்ஸ், 1824இல் விவரித்த ஓர் இளைஞனின் இதயம் அது. மறந்துபோன அக்கட்டுரையை மோட் மீண்டும் வெளியிட்டார். அந்த ஓர் இதயமே அவரது வாழ்நாள் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

ஆஸ்லர் தொகுத்த பெரிய மருத்துவ நூலில் பிறவி இதயக் குறைகள் பற்றி எழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. 412 நோயாளரின் விவரங்களைத் திரட்டி, 1908இல் அப்பகுதியை வெளியிட்டார். அவரது முறை எளியது, ஆனால் பொறுமை மிக வேண்டுவது. உயிரோடிருந்தபோது நோயாளியிடம் கண்ட அறிகுறிகளையும், இறந்தபின் இதயத்தில் கண்ட குறையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். சில குறைகளில் தூய இரத்தத்தோடு பிராணவாயு குறைந்த இரத்தம் கலப்பதில்லை; குழந்தையின் நிறம் மாறுவதில்லை. சிலவற்றில் தொடக்கத்தில் நிறம் மாறாமல், பிற்காலத்தில் நீலம் பாய்கிறது. சிலவற்றில் தொடக்கம் முதலே உதடும் விரல் நுனியும் நீலம். இவ்வாறு மூன்று பெரும் பிரிவுகளாக அவர் வகுத்துக் காட்டினார். இதயத்தைத் திறந்து பாராமலே, உள்ளே என்ன குறை என்று மருத்துவர் உய்த்தறிய இது வழிகாட்டியது.

இடையே 1907இல் மெக்கில் மருத்துவக் கட்டடத்தில் தீப்பற்றியது. அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி அழிந்தது. மோட் எஞ்சியவற்றைக் காத்து, பல நாட்டு அறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு, மீண்டும் சேகரித்தார். மருத்துவ அருங்காட்சியகங்களின் பன்னாட்டுச் சங்கத்தைக் கட்டி வளர்த்ததிலும் அவர் பங்கு பெரிது.

1910இல் மெக்கில் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் வழங்கியது. அப்போதும் பெண்கள் அங்கே மருத்துவ மாணவியாகச் சேர முடியாது. அக்கதவு 1918இல்தான் திறந்தது. உலகம் போற்றும் ஆராய்ச்சியாளரான பின்னும், அங்கே உதவிப் பேராசிரியர் என்ற நிலைக்கு மேல் அவர் உயர்த்தப்படவில்லை. 1936இல், ஓய்வு பெற்ற ஆண்டிலேயே, ஆயிரம் இதயங்களின் விவரங்களைப் படங்களுடன் தரும் பெருநூலை வெளியிட்டார். 1940 செப்டம்பர் 2ஆம் நாள் மறைந்தார்.

அவர் விதைத்தது விளைந்ததா? 1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ், இதயத்தருகே மூடாதிருந்த குழாயை ஒரு சிறுமிக்குக் கட்டி நலமாக்கினார். மோட் ஆபட்டின் நூல்களில் பயின்ற ஹெலன் டாசிக் அம்மையார், அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளாலக், அவருடைய உதவியாளர் விவியன் தாமஸ் ஆகியோரின் முயற்சியால், 1944இல் நீலக் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை பால்டிமோரில் தொடங்கியது. அதனைக் காண மோட் இல்லை. இன்று கணினியின் துணையால் ஒரு குழந்தையின் இதயத்தைப் போன்றே மாதிரி செய்து, அதைக் கையில் வைத்துப் பார்த்து அறுவைக்குத் திட்டமிடுகின்றனர். சாடியிலிருந்த இதயத்தைக் கையிலெடுத்துக் கற்பித்த அம்மையாரின் பாதையே அது.

மாணவியரே! அவருக்கு மூடப்பட்ட கதவை நாம் நியாயப்படுத்த வேண்டா. அது தவறே. அதனால் எத்தனை பெண்களின் திறமை வெளிப்படாமலே போயிற்று என்பதை யாரே கணக்கிட வல்லார்? ஆனால் கைக்குக் கிடைத்த சிறு பணியைச் சிறிதென்று எண்ணாமல், ஒவ்வொரு சாடியையும் எடுத்து, துடைத்து, உற்று நோக்கி, இது யார், ஏன் இறந்தார் என்று கேட்ட அந்தக் கவனம் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. நம் ஆய்வுக்கூடத்தின் மூலையிலும் தூசி படிந்த சாடிகள் உண்டு. அடுத்த முறை அவற்றருகே செல்லும்போது சற்றே நின்று பார்ப்போமா?