உழைப்பாளியின் உடையும் லீவை ஸ்ட்ராஸும்

முன்னுரை

அரசர் உடுத்திய பட்டாடை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படைத்தலைவர் பூண்ட கவசமும் இருக்கிறது. ஆனால் சுரங்கத்தில் கல் உடைத்தவனும், காட்டில் மரம் வெட்டியவனும், இருப்புப்பாதை போட்டவனும் அணிந்த உடை எங்கே? அவன் அதைக் கிழியும் வரை உடுத்தினான். கிழிந்த பின் ஒட்டுப் போட்டு உடுத்தினான். அதன் பிறகு அது கரித்துணியாகி அழிந்தது. ஆகவேதான், உழைப்பாளிக்கென்று தைக்கப்பட்டு, எவரும் உடுத்தாமல் ஏதோ ஒரு பெட்டியின் அடியில் தங்கிவிட்ட பழைய கால்சட்டை ஒன்று இன்று பெரும்பொருளுக்கு விலைபோகிறது. கடைக்காரர்கள் அஞ்சும் தேங்கிய சரக்கு, அதாவது ‘டெட் ஸ்டாக்’, நூறாண்டு கழித்து வரலாற்றுச் சான்றாகி விடுகிறது!

அத்தகைய உடைகளுள் தலையாயவை லீவை ஸ்ட்ராஸ் என்னும் வணிகரின் பெயரைத் தாங்கியவை. மானிடவியல் அறிஞரான பிரெஞ்சு நாட்டு லெவி-ஸ்ட்ராஸ் வேறு, இவர் வேறு. நம்மில் பலர் நாள்தோறும் அணியும் ஜீன்ஸின் பின்னே நிற்கும் இவருடைய வாழ்வைச் சற்றே காண்போம்.

பிறப்பும் புலம்பெயர்வும்

லீவை ஸ்ட்ராஸ் 26-2-1829 அன்று ஜெர்மனியின் பவேரியா நாட்டில் புட்டன்ஹைம் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லோப். தந்தையார் ஊர் ஊராகச் சென்று துணிமணி விற்றவர். ஓர் ஊரில் எத்தனை யூதக் குடும்பங்கள் வாழலாம் என்பதற்குக் கூட அந்நாட்டில் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. 1846-இல் தந்தையார் காசநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டு, பதினெட்டு வயது இளைஞரான லீவை தாயுடனும் சகோதரியர் இருவருடனும் கப்பலேறி நியூயார்க் சேர்ந்தார். அங்கே அவருடைய தமையன்மார் முன்பே துணிக்கடை நடத்தி வந்தனர்.

அப்போது கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. 1853-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற லீவை, அவ்வாண்டே சான் பிரான்சிஸ்கோ சென்றார். அவர் தங்கம் தோண்டப் போகவில்லை. தோண்டுவோருக்கு வேண்டிய பொருளை விற்கப் போனார். துணி, போர்வை, கைக்குட்டை, ஆயத்த ஆடை ஆகியவற்றை நியூயார்க்கிலிருந்து வரவழைத்து, மேற்கு மாநிலங்களின் சிறு கடைகளுக்கு மொத்தமாக அனுப்பினார். மைத்துனர் டேவிட் ஸ்டெர்ன் அவருக்குத் தோள் கொடுத்தார்.

தையற்காரரின் கடிதம்

அவர் வாழ்வில் திருப்பத்தை உண்டாக்கியவர் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர். ரீகா நகரில் பிறந்து, நெவாடா மாநிலத்தின் ரீனோவில் தொழில் செய்தவர். லீவையின் கிடங்கிலிருந்து துணி வாங்கும் வாடிக்கையாளர். ஒரு மரவெட்டியின் மனைவி அவரிடம் வந்து, தன் கணவருக்கு எளிதில் கிழியாத கால்சட்டை ஒன்று வேண்டும் எனக் கேட்டாள். பையின் மூலைகளே முதலில் கிழிகின்றன என்பதை அறிந்த டேவிஸ், குதிரைப் போர்வையின் வாருக்கு அடிக்கும் செம்பு ரிவிட்டுகளை அம்மூலைகளில் அடித்துக் கொடுத்தார். அச்செய்தி வாய்வழியே பரவியது, கேட்போர் பெருகினர்.

இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற அவரிடம் பணம் இல்லை. எனவே 1872-இல் லீவைக்குக் கடிதம் எழுதி, செலவை ஏற்றால் உரிமையில் பங்கு தருவதாகத் தெரிவித்தார். லீவை தயங்காமல் இசைந்தார். 20-5-1873 அன்று இருவருக்கும் 139,121 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. டேவிஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து தையற்பணிக்கு மேற்பார்வையாளர் ஆனார். மூளை தையற்காரருடையது, முதல் வணிகருடையது. பெயர் மட்டும் வணிகருக்கே நிலைத்தது.

டக் என்னும் முரட்டுத் துணியிலும் நீல டெனிமிலும் அக்கால்சட்டைகள் தைக்கப்பட்டன. அந்நாளில் உலகச் சந்தைக்குச் சென்ற நீலச்சாயத்தில் பெரும்பகுதி நம் நாட்டு அவுரியிலிருந்து பிறந்தது. நம் தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் அவுரி செழித்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

கொடையும் மறைவும்

லீவை மணம் செய்துகொள்ளவில்லை. ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியைப் பொதுநலத்துக்கு அளித்தார். 1897-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். யூத, கத்தோலிக்க, சீர்திருத்தக் கிறித்தவ அனாதை இல்லங்கள் அனைத்துக்கும் தம் உயிலில் பொருள் ஒதுக்கினார். 26-9-1902 அன்று, தம் எழுபத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தார். நிறுவனம் சகோதரியின் மக்களுக்குச் சென்றது.

எரிந்த ஏடுகள்

அவர் மறைந்த நான்காம் ஆண்டு, 18-4-1906 அன்று சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் உலுக்கியது. தொடர்ந்து மூண்ட தீயில் நிறுவனத்தின் தலைமையகமும் அதிலிருந்த ஏடுகளும் சாம்பலாயின. கணக்கு, கடிதம், மாதிரி எதுவும் மிஞ்சவில்லை. அந்த வெற்றிடத்தில் கட்டுக்கதை முளைத்தது. லீவை கூடாரத் துணியுடன் வந்தார். அது விலைபோகாமையால் கால்சட்டையாகத் தைத்தார் என்பது அக்கதை. காப்புரிமை ஆவணமே அதை மறுக்கிறது. எனினும் கதை இன்றும் உலவுகிறது.

ஏடு எரிந்த பின் எஞ்சிய சான்று எது? விற்ற உடையே! ஆகவே அந்நிறுவனம் தன் பழைய உடைகளைத் தானே விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. நெவாடாவின் சுரங்க ஊர் ஒன்றில் கிடைத்த, 1880-களைச் சேர்ந்த கால்சட்டையை 2001-இல் 46,532 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது.

உடை சொல்லும் வயது

பழைய உடையின் வயதை எவ்வாறு அறிவது? ஒவ்வொரு மாற்றமும் ஓர் ஆண்டுக் குறி. பின்புறம் ஒரே ஒரு பை இருந்தால் அது 1901-க்கு முந்தியது. இரு குதிரைகள் கால்சட்டையை இரு பக்கமும் இழுக்கும் படம் பொறித்த தோல்துண்டு 1886-இல் வந்தது. 501 என்ற எண் 1890-ஐ ஒட்டித் தோன்றியது. இடைவாருக்கான வளையங்கள் 1922-இல் சேர்ந்தன. அதற்கு முன் தோள்வாருக்கான பொத்தான்களே இருந்தன. பின்பையின் ஓரத்தில் சிவப்புத் துண்டு 1936-இல் வந்தது. அத்துண்டில் எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்கு முந்தியது எனலாம். பின்பைகளில் ரிவிட்டுக்குப் பதிலாக நூல்தையல் 1966-இல் இடம்பெற்றது.

இங்கே ஒரு விதி உண்டு. மிகப் பழைய குறியைக் கண்டு மகிழ்தல் கூடாது. உடையிலுள்ள குறிகளுள் கடைசியாக வந்தது எதுவோ, அதற்கு முந்தியதாக அந்த உடை இருக்க இயலாது. மேலும், பழைய மாதிரியிலேயே புதிதாகத் தைத்து விற்பதும் உண்டு. எனவே துணி, நூல், பொத்தான், முத்திரை ஆகிய யாவும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும்.

உடுத்தாத உடைக்கு மதிப்பு மிகுதி ஏன் என்பதும் இதனால் விளங்கும். நீலம் வெளுக்கவில்லை, துணி சுருங்கவில்லை, கடையில் ஒட்டிய சீட்டும் அப்படியே இருக்கும். அரிசோனாவில் கடை நடத்திய சாலமன் வார்னர் என்பவர் 1893-இல் வாங்கிச் சில முறையே அணிந்து பெட்டியில் வைத்த கால்சட்டை, 2018-இல் ஏறத்தாழ 1,00,000 டாலருக்கு விற்றது.

உடை சொல்லும் குறை

2022-இல் மற்றொரு கால்சட்டை ஏலத்துக்கு வந்தது. கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் கிடைத்த அது 1880-களைச் சேர்ந்தது. 76,000 டாலருக்குக் கேட்கப்பட்டது. அதன் பையின் உட்புறத்தில் ஒரு வாசகம் அச்சாகியிருந்தது. வெள்ளைத் தொழிலாளர் மட்டுமே செய்த பொருள் இது என்பதே அதன் கருத்து. சீனத் தொழிலாளர் மீது கலிபோர்னியாவில் பகை மூண்டிருந்த காலம் அது. 1882-இல் சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டமே அமெரிக்காவில் பிறந்தது. அந்தப் பகையையே நிறுவனம் தன் சரக்குக்கு விளம்பரமாக்கியது. 1890-களில் அதைக் கைவிட்டது.

குடும்ப எண்ணிக்கைக்கே வரம்பு கட்டிய நாட்டிலிருந்து வந்தவர் லீவை. மூன்று சமயத்தாரின் அனாதைகளுக்கும் பொருள் வைத்தவர். அவருடைய பெயர் தாங்கிய உடையில் இவ்வாசகம்! வாழ்க்கை வரலாறு எழுதுவோர் கொடையை மட்டும் எழுதி இதை விட்டுவிடலாம். கால்சட்டை விடவில்லை. அவர் செய்த நன்மையும் உண்மை. அவர் காலத்தில் அவர் கடை செய்த தீங்கும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுதுவதே வரலாறு.

நம் பக்கத்துச் சந்தை

தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளிலிருந்து மின்தொடர் வண்டியில் வரும் நண்பர்களுக்குப் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையைச் சொல்ல வேண்டியதில்லை. பழம்பொருள் குவியும் அச்சந்தையில், மேற்சொன்ன விதியை நம் ஊர் உடைகளிலும் பொருத்திப் பார்க்கலாம். காக்கித் துணிக்குப் பேர்போன பெரம்பூர் பக்கிங்காம்-கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. அவ்வாலை முத்திரையுள்ள காக்கிச் சட்டை எதுவானாலும் அதன் துணி அதற்கு முன் நெய்ததே. விலை அணாவில் இருந்தால் நூல் பிடித்தாற்போல் 1957-க்கு முன் செல்லலாம். நயா பைசாவில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. தையற்கடைச் சீட்டில் தாம்பரத்தின் 600 045 போன்ற ஆறு இலக்க எண் இருந்தால் 1972-க்குப் பிந்தியது. அஞ்சல் குறியீட்டு எண் அவ்வாண்டில்தான் வந்தது. மெட்ராஸ் என்ற பெயர் 1996-இல் சென்னையாயிற்று என்பதும் ஒரு குறியே.

அத்தகைய உடை உடுத்தாமல் கிடைத்தால் துவைக்க வேண்டா. சீட்டைப் பிய்க்க வேண்டா. விற்பதானால் பூச்சி அரித்த இடத்தையும் கறையையும் மறைக்காமல் காட்டுதல் வேண்டும். ஒரு முறை துவைத்ததை உடுத்தாதது என்று விற்பது, வாங்குவோரை மட்டுமன்றி வரலாற்றையும் ஏமாற்றுவதாகும்.

முடிவுரை

லீவை ஸ்ட்ராஸின் ஏடுகளைத் தீ தின்றது; எவரும் போற்றாத தொழிலாளியின் கால்சட்டை அவர் வரலாற்றைக் காத்தது. நம் தந்தையரும் பாட்டனாரும் ஆலையிலும் இரயில் பணிமனையிலும் உடுத்திய காக்கியும் நீலமும் இன்னும் சில வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடும். பாத்திரக்காரனுக்குப் போடுமுன் அவற்றின் கழுத்துப் பட்டையை ஒரு முறை திருப்பிப் பார்ப்போமாக!