வைரம் செய்யப் போனவருக்குக் கிடைத்த கறுப்புத் துகள்! யார் இந்த எட்வர்ட் ஆச்சிசன்?

மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சி. உலையில் அலுமினியம் உருகிக் கிடக்கும். அதைச் சுழல விட்டு, கறுப்பாக ஒரு பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குவார்கள். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு நிறைய பேர் எடுக்கிற டாபிக். அந்தப் பொடி சிலிக்கான் கார்பைடு. அதை உலகத்துக்குக் கொடுத்த எட்வர்ட் குட்ரிச் ஆச்சிசன் தேடியது அதை இல்லை, வைரத்தை!

1856 மார்ச் 9-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். ஊர் பெயர் வாஷிங்டன் (தலைநகரம் இல்லை, அது வேற). குடும்பச் சூழலால் டீன் ஏஜிலேயே படிப்பு நின்றது. ரயில் பாதைக்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். 1880-ல் தான் செய்த பேட்டரி ஒன்றை விற்க முயன்றவருக்கு, எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகத்தில் வேலையே கிடைத்தது. எடிசனின் மின்விளக்குகளைப் பொருத்த ஐரோப்பா வரை போய்வந்தார். ஆனா மனசு சொந்தக் கண்டுபிடிப்பிலேயே இருந்தது. 1884-ல் வெளியே வந்துவிட்டார்.

1891, மொனோங்கஹேலா என்ற சிற்றூர். இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணும் கோக் நிலக்கரித் தூளும் கலந்து, நடுவில் கார்பன் கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். ஆறிய பிறகு பார்த்தால், கம்பி நுனியில் மினுமினுவென்று சில துகள்கள். கண்ணாடியில் தேய்த்தார், கீறல் விழுந்தது. களிமண்ணில் உள்ள அலுமினாவும் கார்பனும் சேர்ந்த பொருள் என்று நினைத்து, கார்பன், கொரண்டம் இரண்டையும் ஒட்டி ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். உண்மையில் அதில் இருந்தது சிலிக்கானும் கார்பனும்தான். கணிப்பு தப்பு, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1893 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்தது. ஆரம்பத்தில் உற்பத்தி மிகமிகக் குறைவு. ரத்தினம் பட்டை தீட்டுபவர்களுக்கு கேரட் கணக்கில் விற்கும் அளவுக்கு விலை. விலை குறைய வேண்டுமானால் மின்சாரம் மலிவாக வேண்டும். அது கிடைக்கும் இடம் நயாகரா.

நயாகரா சூதாட்டம்

இங்கேதான் ஆச்சிசன் எல்லாவற்றையும் பணயம் வைத்தார். இருக்கிற சின்ன ஆலையின் சரக்கிலேயே பாதிதான் விற்கிறது. அப்போது போய் 1000 குதிரைத்திறன் மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டால்? கம்பெனி இயக்குநர்கள் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1895-ல் நயாகரா ஆலை ஓடத் தொடங்கியது.

அந்த நீர்மின் நிலையத்தின் முதல் வாடிக்கையாளர் யார் தெரியுமா? மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் சார்லஸ் மார்ட்டின் ஹாலின் கம்பெனி. இரண்டாவது, ஆச்சிசன். அலுமினியமும் கார்போரண்டமும் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

தொழில் வளர்ந்தது, கடனும் சேர்ந்தே வளர்ந்தது. சில வருடங்களில் கம்பெனியின் பிடி, பணம் கொடுத்த பிட்ஸ்பர்க் மெலன் குடும்பத்திடம் போனது. கண்டுபிடித்தவர் கையில் கம்பெனி இல்லை. இன்னொருவராக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஆனா கார்போரண்டத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் சிலிக்கான் ஆவியாகி, சுத்தமான கிராஃபைட் மிஞ்சும் என்பதை அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். 1896-ல் அதற்கும் காப்புரிமை, 1899-ல் தனி கம்பெனி. 1931 ஜூலை 6-ல் இறந்தபோது அவர் பெயரில் சுமார் 70 காப்புரிமைகள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தது எப்போது?

அவர் காலத்தில் கார்போரண்டம் என்றால் சாணைச் சக்கரம், உப்புத்தாள். 1954-ல் அமெரிக்க கார்போரண்டம் கம்பெனியும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியதும் இதற்காகத்தான். அலுமினியத்தோடு கலக்கும் யோசனை சூடுபிடித்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்.

தாமதத்துக்குக் காரணம் இருக்கு. உருகிய அலுமினியம் இந்தத் துகளில் லேசில் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி. அதனால்தான் துகளை முன்கூட்டியே சூடாக்கி, கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்து, சுழலில் போடுகிறார்கள். இதுதான் ஸ்டிர் காஸ்டிங், செலவு குறைந்த முறை. துகள் கனமானது, கலக்குவதை நிறுத்தினால் அடியில் தங்கும். சூடு அதிகமாகி ரொம்ப நேரம் இருந்தால் அலுமினியம் கார்பைடு உருவாகும், ஈரம் பட்டால் அது சிதையும். சிலிக்கான் நிறைந்த அலுமினியக் கலவையை எடுத்தால் இந்தத் தலைவலி குறையும்.

உருக்காமலே செய்யும் வழியும் உண்டு. இரண்டையும் பொடியாகக் கலந்து, அழுத்தி, சுட்டெடுப்பது. துகளின் அளவு பாதியைத் தாண்ட வேண்டுமென்றால், நுண்துளைகள் உள்ள சிலிக்கான் கார்பைடு வார்ப்பை முதலில் செய்துவிட்டு, அந்தத் துளைகளுக்குள் உருகிய அலுமினியத்தை அழுத்தி ஏற்றுவார்கள். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஆனா சூட்டில் அதிகம் விரியாது. மின்சார ரயில் எஞ்சின்களில் பவர் மின்னணுச் சில்லுகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளில் பலவும் இப்படிச் செய்தவைதான்.