ரமாபாய் நடத்திய குடித்தனம்

அண்ணல் அம்பேத்கரின் பட்டங்களை நம் மாணவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அந்தப் படிப்புக்காக வீட்டில் வயிற்றைக் கட்டியவர் யார் என்று நாம் அதிகம் கேட்பதில்லை.

1898-ல் பிறந்த ரமாபாயின் தந்தை, தாபோல் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தவர். 1906-ல் பம்பாய் பைகுல்லா சந்தையில், கடைகள் அடைத்த பிறகு இரவில் திருமணம் நடந்தது. ரமாபாய் அப்போது சிறுமி.

1918-ல் அம்பேத்கர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதச் சம்பளம் 450 ரூபாய். அன்று அது பெரிய தொகை. ஆனாலும் குடும்பம் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் இரண்டு அறைகளை விட்டு நகரவில்லை. லண்டனில் பாதியில் நின்ற படிப்பை முடிக்கப் பணம் சேர வேண்டுமே! அவர் கொடுத்த அளவான பணத்துக்குள் அடுப்பு எரிந்தது. சேமித்தவர் அம்பேத்கர் என்று புத்தகங்கள் எழுதும். மிச்சம் பிடித்தவர் ரமாபாய் என்று நாம் சேர்த்துச் சொல்வோம்.

அந்தச் சேமிப்பும் போதவில்லை. நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கி, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும் பெற்று 1920-ல் அம்பேத்கர் கப்பலேறினார். அங்கே அவருக்கு அரைவயிறு, இங்கே ரமாபாய்க்கு அரைவயிறு. 1923-ல் அவர் திரும்பும்வரை இப்படித்தான்.

பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். யஷ்வந்த் மட்டுமே மிஞ்சினார். தாதரில் ராஜகிருகம் என்ற சொந்த வீடு எழுந்தபோது ரமாபாயின் உடல் தளர்ந்திருந்தது. 1935 மே 27-ல் காலமானார். பாகிஸ்தான் குறித்துப் பின்னர் எழுதிய நூலை, ராமு என்று செல்லப்பெயரிட்டு, அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார் அம்பேத்கர்.