மறுப்புரையில் வல்ல மாதவச் சிவஞான முனிவர்

நன்னூற் பாயிரத்தைப் பாடங்கேட்ட மாணாக்கர் எழுவகை மதத்தை மறந்திரார். பிறர் கூற்றுக்கு உடன்படுதல், மறுத்தல், முதற்கண் உடன்பட்டாற்போற் சென்று பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒரு பக்கந் துணிதல், பிறர் நூலிற் குற்றங் காட்டுதல், எவரோடும் படாது தன் மதமே கொள்ளுதல் என அவை ஏழாம். நூல் செய்வானொருவன் தன் முன்னோரோடு எவ்வெவ்வாறு மாறுபடலாம் என்பதற்கு இதனினுஞ் சுருங்கிய வரையறை வேறு கண்டிலேம். இவ்வேழினையும் ஒருங்கே கையாண்ட தமிழாசிரியர் ஒருவரைக் காட்டுக என்பார்க்குத் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவரையே காட்டுதல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்பெரியார், திருநெல்வேலிச் சீமையிற் பொருநையாற்றங்கரையிலே, பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்தவர். தந்தையார் ஆனந்தக்கூத்தர், தாயார் மயிலம்மையார். பிள்ளைத் திருநாமம் முக்களாலிங்கர். பள்ளியினின்று மீளும்வழியில் திருவாவடுதுறைத் தம்பிரான்மாரைக் கண்ட சிறுவர் அவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று அமுது செய்வித்தனர் என்பதும், பின்னர் அவர்களுடனேயே துறவு நெறிக்குச் சென்றனர் என்பதும் வழிவழி வழங்குஞ் செய்தி. வேலப்ப தேசிகரிடம் தீக்கை பெற்றுச் சிவஞானம் என்னும் பெயர் பூண்டார். தமிழும் வடமொழியும் ஒருங்கே கற்றார். இவ்விருமொழிப் பயிற்சியே அவருடைய வாதங்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

வாதஞ் செய்வார் திறம் மூவகைப்படும் என்பது நியாய நூலார் கொள்கை. உண்மை காணும் ஒரே நோக்கோடு, ஆசிரியனும் மாணாக்கனும் போல இருவர் உரையாடுவது வாதம். வெற்றி ஒன்றையே கருதி, சொற்புரட்டும் போலி விடையுங் கலந்து பொருதுவது சல்பம். தனக்கென ஒரு கொள்கையும் நிறுவாது மாற்றான் கூற்றைச் சிதைப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. நாளடைவில் நம்மவர் வழக்கில் விதண்டாவாதம் என்ற ஒன்றே நிலைத்து, ஏனைய இரண்டின் வேறுபாடு மறைந்துபோயிற்று. முனிவர் நூல்களைக் கற்பார்க்கு அவ்வேறுபாடு இன்றியமையாதது. ஏனெனில் அவர் எழுதியவற்றுள் முதலாவதும் உண்டு, இரண்டாவதன் சாயலும் உண்டு. மூன்றாவது மாத்திரம் இல்லை.

தருக்கத்தை அவர் செவிவழியாகக் கற்றதோடு அமைந்தாரல்லர். பதினேழாம் நூற்றாண்டினரான அன்னம்பட்டர் வடமொழியிற் செய்த தருக்கசங்கிரகத்தையும், அதற்கு அவரே வகுத்த தீபிகையையும் தமிழாக்கித் தந்தார். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, உபநயம், நிகமனம் என்னும் ஐந்துறுப்பும், ஏது பிழைபடும் ஐவகையும் தமிழ் மாணாக்கர்க்கு எளிதிற் கிட்டியது இதனாலாம். மலையிற் புகை காண்கின்றோம். ஆகவே நெருப்புண்டு என்கின்றோம். புகையென எண்ணியது மூடுபனியாயின் அவ்வேது நிலையாது. மாற்றான் ஏதுவை இவ்வாறு சோதிப்பவன் தன் ஏதுவையும் அவ்வாறே சோதித்தாக வேண்டும். ஈண்டு வியக்கத்தக்கது ஒன்றுண்டு. தாமெழுதிய மாபாடியத்திலே சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக்கி, ஒவ்வொன்றையும் அறுவகையாக நிறுத்தும் முனிவர், தருக்க மதத்தைப் புறச்சமயமாகவே வைத்தார். புறத்தே நிறுத்திய மதத்தாரின் கருவியைக் கடன்கொண்டு, அக்கருவியாலேயே அகத்துள்ளாரோடும் வாதிட்டார். மாறுபாடு எல்லாம் ஒரே அளவினதன்று, அதற்கும் தொலைவும் அண்மையும் உண்டு என்பதே இப்பகுப்பின் உட்கிடை. உலகாயதனை மறுக்கும் முறை வேறு. ஒரே ஆகமத்தை ஓதி ஒரு சொல்லிற் பிணங்குவானை மறுக்கும் முறை வேறு.

அண்மையிலுள்ளாரோடு செய்யும் வாதமே அவர்பால் மிக நுண்ணியது. மிகக் கடுமையானதும் அதுவே. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்து தமிழகஞ் சென்று வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர், சிவஞானசித்தியார்க்கு ஓர் உரை செய்தார். முத்தியில் உயிர் சிவத்தோடு ஒத்த நிலை எய்தும் என்னுஞ் சிவசமவாதச் சார்பு அவ்வுரையில் உண்டென்று கண்டு, சிவசமவாதவுரை மறுப்பை எழுதினார் நம் முனிவர். சிவசமவாதம் அவர் கணக்கில் அகச்சமயம் ஆறனுள் ஒன்று. அடுத்த வீட்டார் போல்வது. எடுத்து என்னும் ஒரு சொல்லின் பொருட்டு வைரக்குப்பாயம் எனப் பெயரிய தனிநூலே செய்தார் என்றால், சொல்லொன்றன் காவலை அவர் எத்துணைப் பெரிதாக மதித்தார் என்பது விளங்கும். சித்தாந்தமரபு கண்டன கண்டனம் என்பதோ, பெயருக்கேற்பக் கண்டனத்துக்குக் கண்டனமாய் எழுந்தது.

ஒரு சொல்லின் மேல் வாதத்தை நிறுத்துவதால் வரும் பயனுக்கு, அத்துவிதம் என்னும் சொல்லை அவர் விளக்கும் முறையே தக்க சான்று. வடமொழியில் எதிர்மறை முன்னொட்டு மூன்று பொருள்படும். அரூபம் என்புழி உருவத்தின் இன்மை. அநீதி என்புழி நீதியின் மறுதலை. அப்பிராமணன் என்புழிப் பிராமணனின் அன்மை, அஃதாவது அவனல்லாத பிறன். அத்துவிதம் என்பதற்கு இன்மைப் பொருள் கொண்டால் இரண்டாவது பொருளே இல்லை என்றாகி, ஏகான்மவாதியின் முடிபு வந்துவிடும். மறுதலை கொள்ளினும் சித்தாந்தக் கருத்து நில்லாது. அன்மைப் பொருள் கொண்டால், பொருள்கள் இரண்டேயாயினும் பிரிந்து நிற்கும் இரண்டல்ல என்ற கருத்துப் பெறப்படும். மெய்கண்டார் நுதலியது இதுவே என மாபாடியத்தில் நிறுவுகின்றார். எத்தனையோ தலைமுறையாக நிகழ்ந்த பூசலை ஓரெழுத்தின் இலக்கணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியமை காண்க. எதிராளி ஒப்பினும் ஒப்பாவிடினும், தாம் எவ்விடத்திற் பிரிகின்றோம் என்பதையாவது இருவரும் அறிந்துகொள்கின்றனர்.

இனி, இலக்கண வாதங்கள். திருவாரூர் வைத்தியநாத தேசிகர் பதினேழாம் நூற்றாண்டில் இலக்கணவிளக்கம் செய்தார். எழுத்து, சொல், பொருள் மூன்றையும் அடக்கியமையாற் குட்டித் தொல்காப்பியம் எனப் புகழப்பட்ட நூல் அது. அவ்விளக்கை அவிப்பதற்கென்றே முனிவர் இலக்கணவிளக்கச் சூறாவளியை ஏவினார். பெயரிலேயே சினந் தெரிகின்றது. அதன்கண் உள்ள நுண்மை மறுக்கொணாதது. நன்னூலாரை வைத்தியநாத தேசிகர் விட்டு விலகிய இடங்களிற் பல, முனிவர் காட்டியவாறே தளர்ந்தவை. எனினும் சில இடங்களிற் காற்று வேண்டிய அளவினும் மிகுந்து வீசிற்று என்பதே எம் துணிபு. மாற்றாரின் நூற்பாவுக்கு இயையக்கூடிய நற்பொருள் ஒன்றிருப்பவும், இயையாப் பொருளைத் தந்து மறுத்தல் வாதநெறியன்று. தேசிகரும் ஞானப்பிரகாசரும் முனிவர்க்கு முந்திய நூற்றாண்டினர். மறுமொழி கூற வரவியலாதவர்களோடு வாதிடுவோன், அவர்கள் கூறியிருக்கக்கூடிய விடையையுந் தானே தேடித்தரக் கடமைப்பட்டவன்.

அக்கடமையை முனிவர் அறியாதவரல்லர். அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று, சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்குச் செய்த விருத்தியுரையை அவர் கையாண்ட முறையாகும். அவ்வுரையிலுந் திருத்தத்தக்கன பல கண்டார். ஆயின் அதற்கெதிராக வேறொரு சூறாவளியை அவர் எழுப்பவில்லை. அவ்வுரைக்குள்ளேயே புகுந்து, வேண்டாதன நீக்கி, வேண்டுவன கூட்டி, மூலவுரையாளர் பெயர் மறையாவண்ணம் அதனைப் புத்தம் புத்துரையாக்கினார். சங்கரநமச்சிவாயர் கூற்று யாது, சிவஞான முனிவர் கூற்று யாது எனப் பிரித்தறிவதே பண்டித வகுப்பில் ஒரு பெரும்பயிற்சி. ஒருவரோடு மாறுபடுவதற்கு அவர் வீட்டை இடித்தலே வழி என்பதில்லை. கூரையைச் செப்பஞ் செய்தும் மாறுபடலாம். சூறாவளியைப் புகழ்வோர் பலர். இவ்விருத்தியின் அடக்கத்தை எடுத்துக் கூறுவோர் சிலரே.

கம்பராமாயண முதற்செய்யுட் சங்கோத்தர விருத்தி மற்றொரு வகையினது. பெயர் கூறுமாறே, ஐயங்களைத் தாமே எழுப்பித் தாமே விடையிறுப்பது. இராமகாதையின் முதற்செய்யுளுக்குச் சைவத் துறவியொருவர் தடைவிடை எழுத முன்வந்தமை கருதத்தக்கது. எதிராளி எவருமின்றித் தம் அறிவையே எதிரே நிறுத்தி வாதிட்டார் ஆதலின், நியாய நூலார் கூறிய முதல்வகை வாதத்துக்கு இதனை அணித்தாகச் சொல்லலாம்.

காஞ்சிபுரத்தில் வாழ்ந்த காலத்தே காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தை இயற்றினார். இரண்டாங் காண்டம் அவர்தம் மாணாக்கர் கச்சியப்ப முனிவர் செய்தது. அரங்கேற்றத்தின்போது நிகழ்ந்ததாகச் செவிவழிச் செய்தியொன்று உண்டு. இத்தலத்துப் புராணம் பாடுவார், ஏகாம்பரநாதரை முன்வைக்காது தில்லைக் கூத்தரை முன்வைத்து வணங்கியது ஏன் எனச் சிலர் தடை எழுப்பினராம். கச்சியப்ப முனிவர் எழுந்து, விடை ஒன்றுங் கூறாது, அவையிலிருந்த ஓதுவாரைத் தேவாரம் ஓதுமாறு வேண்டினாராம். ஓதுவார் வழக்கம்போலத் திருச்சிற்றம்பலம் என்று தொடங்கவே, தடுத்தவர்கள் அமைந்தனராம். எதிராளியின் அன்றாட வழக்கத்தையே அவருக்குச் சான்றாக நிறுத்தும் இம்முறையில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. ஆசிரியர் எழுத்திற் காணும் வெம்மை மாணாக்கர் நாவிற் குளிர்ந்துவிட்டது போலும்.

முனிவர் 1785 ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். மாபாடியம் நெடுங்காலம் ஏட்டுச் சுவடியாகவே இருந்து, இருபதாம் நூற்றாண்டிலேதான் அச்சில் முழுமையாக வெளிவந்தது. தொல்காப்பியச் சூத்திரவிருத்தியிற் பழைய உரையாசிரியர்களை அவர் மறுத்தவாறே, அவரையும் மறுத்துச் சோழவந்தான் அரசஞ்சண்முகனார் பின்னாளில் விருத்தி எழுதினார். அப்போது விடை கூற முனிவரும் இல்லை.

ஈழநாட்டார்க்கு இவ்வரலாற்றில் வேறொரு பங்கும் உண்டு. நன்னூல் விருத்தியுரையை 1851 ஆம் ஆண்டில் அச்சிட்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சூறாவளியையும், சூத்திரவிருத்தியையும், தருக்கசங்கிரகத்தையும் அச்சேற்றியவரும் அவரே. கண்டனத்தில் நாவலர்க்கிருந்த ஆற்றலுக்கு இந்நூற் பயிற்சியும் ஒரு காரணம் எனக் கொள்ளுதல் தவறாகாது. நாவலர் 1879 இல் மறைந்தார். பத்தாண்டு கழிந்து 1889 இல், சூறாவளிக்கு இலக்கான இலக்கணவிளக்கத்தைத் தேடியெடுத்து அச்சிற் பதிப்பித்தவரும் யாழ்ப்பாணத்தவரே, சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. அதன்பின்னரே மறுப்பையும் மறுக்கப்பட்டதையும் ஒரே மேசையில் விரித்துவைத்துக் கற்கும் வாய்ப்பு மாணாக்கர்க்குக் கிட்டியது.