மூளையின் புதிரைக் குப்பியில் அடைத்தவர்

கண்டி மாநகரத்து மழைக்கால ஈரம் எதனையும் விட்டுவைப்பதில்லை. புத்தக அட்டையிற் பூஞ்சணம் படரும். உப்புச் சாடியில் நீர் கோக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர், கலங்களுக்குச் செய்தி சொல்லும் பொசுபோலிப்பிட்டுக்களை இக்காற்றிலே கையாள நேரின், முதலிற் கற்க வேண்டியது அவற்றைக் காக்கும் முறையையே. குளோரோபோமும் மெதனோலும் கலந்த கரைசலாகக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, மேலே நைதரசன் வாயுவை நிரப்பி, பூச்சியத்துக்கு 20 பாகை கீழான குளிரில் வைத்தல் வேண்டும். பிளாஸ்திக்குக் குப்பி ஆகாது. குளோரோபோம் அதன் கசடுகளையும் கரைத்துக்கொள்ளும். குளிர்ந்த குப்பியை உடனே திறந்தாலோ, ஈரம் உட்படிந்து பொருள் சிதையும்.

குளிரூட்டியும் நைதரசனும் துணை நில்லாத காலத்தில் இவ்வகைப் பொருள்களை மூளையினின்று பிரித்துப் பேணியவர் ஒருவர் உளர். யோகான் லுட்விக் வில்லியம் டூடிகும் என்பது அவர் பெயர். 1829இல் ஜேர்மனியின் பூடிங்கன் நகரிற் பிறந்த அவர், பேராசான் லீபிக்கிடம் இரசாயனம் பயின்று மருத்துவராகி, 1853இல் இலண்டனிற் குடியேறினார். திராட்சை மது பற்றியும் சமையற்கலை பற்றியும் நூல் எழுதிய சுவைஞர் அவர். வடித்தலும் இறுத்தலும் அவருக்குக் கைவந்ததில் வியப்பென்ன!

மூளையின் முதன்மைப் பொருள் புரொட்டகன் என்னும் ஒன்றே என 1865இல் லீப்ரைக் அறிவித்தார். அறிஞர் பலரும் அதனை ஏற்றனர். டூடிகும் ஏற்றாரல்லர். மனித மூளைகளையும் மாட்டு மூளைகளையும் அரைத்து, சுடுமதுசாரத்திற் கரைத்து, குளிரச் செய்து படிவித்தார். ஈதராற் பிரித்தார், ஈய உப்பையும் கட்மிய உப்பையும் சேர்த்து ஒவ்வொன்றாக வீழ்படிவாக்கினார். அலுப்பூட்டும் வேலைதான், ஆயினும் அப்பொறுமையின் பயனாகவே கெபலினும் ஸ்பிங்கோமயலினும் வெளிப்பட்டன. புரொட்டகன் ஒரு கலவையே என அவர் வாதிட்டார். புதிர் போட்ட ஸ்பிங்ஸின் நினைவாக ஒரு பொருளுக்கு ஸ்பிங்கோசின் எனப் பெயரிட்டார். மூளையின் இரசாயன அமைப்பைப் பற்றிய அவரது பெருநூல் 1884இல் வெளிவந்தது.

பாராட்டு வரவில்லை, பழியே வந்தது. மன்செஸ்டரில் காம்ஜி முதலியோர் அவர் முடிவுகளைத் தாக்கினர். வழக்குத் தீருமுன்பே, 1901இல், டூடிகும் இலண்டனிற் காலமானார்.

அவர் செய்து வைத்த பொருள்கள் பின்னர் ஓட்டோ ரோசன்ஹைம் என்னும் இரசாயனவியலாளர் கையை அடைந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் ரோசன்ஹைமும் அவருடன் உழைத்த டெப் அம்மையாரும் புரொட்டகன் ஒரு கலவையே என நிறுவினர். பழிக்கப்பட்டவரின் வாதமே நிலைத்தது.

ஸ்பிங்கோசினோடு ஒரு பொசுபேற்றுச் சேர்ந்த பொருள் கலங்களுக்குச் செய்தி சுமப்பது என்பது 1990களில் தெளிவாயிற்று. நீரில் எளிதிற் கரையாத அதனை அல்புமின் புரதத்தோடு பிணைத்தே ஆய்வாளர் கலங்களுக்கு ஊட்டுகின்றனர். நிணநீர்க் கணுவிலிருந்து குருதிக்குத் திரும்பும் வெள்ளணுக்களுக்கு வழிகாட்டுவதும் அதுவே.