சிட்னி ரிங்கர்

சிட்னி ரிங்கர் (இறப்பு: அக்டோபர் 14, 1910) ஓர் ஆங்கிலேய மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். இதயத்தசை சுருங்குவதற்குக் கால்சியம் இன்றியமையாதது என்பதைக் கண்டறிந்தவர் இவரே. முதுமையில் இதயத்தசை உயிரணுக்களின் சுருங்குதிறன் எவ்வாறு மாறுகிறது என்னும் ஆய்வுகளுக்கும் இக்கண்டுபிடிப்பே அடித்தளமாகும்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்த ரிங்கர், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் மருத்துவம் பயின்று 1860இல் பட்டம் பெற்றார். பின்னர் அக்கல்லூரி மருத்துவமனையிலேயே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1869இல் வெளிவந்த இவரது மருத்துவக் கையேடு பல பதிப்புகளைக் கண்டது. 1885இல் அரச கழக உறுப்பினரானார். நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய நேரத்திலேயே ஆய்வுகளைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஓய்வுக்குப் பின் யார்க்சயரின் லாஸ்டிங்காம் சிற்றூரில் வாழ்ந்து அங்கேயே காலமானார்.

தவளை இதயமும் குழாய் நீரும்

தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்து, உப்புக் கரைசல் செலுத்தித் துடிக்க வைப்பது இவரது ஆய்வுமுறை. 1882இல் வெளியிட்ட கட்டுரையில், காய்ச்சி வடித்த நீரில் செய்த கரைசலிலேயே இதயம் நன்கு துடித்ததாகக் கருதினார். உண்மையில் அக்கரைசல் லண்டன் குழாய் நீரில் செய்யப்பட்டிருந்தது. காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தியபோது துடிப்பு விரைவில் தளர்ந்து நின்றது. வேறுபாட்டுக்குக் காரணம் குழாய் நீரில் கரைந்திருந்த கால்சியமே. முந்தைய முடிவு பிழையானது என 1883இல் அவரே வெளிப்படையாக எழுதினார். அத்திருத்தமே அவருக்கு அழியாப் புகழ் தந்தது. கால்சியம் மட்டும் இருந்தால் இதயம் தளர்வதற்குத் தாமதமாகிறது என்பதையும், பொட்டாசியம் அதனைச் சமன் செய்கிறது என்பதையும் கண்டார். இவ்வாறு உருவானதே ரிங்கர் கரைசல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஆர்ட்மன் 1930களில் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார்.

முதுமையும் கால்சியமும்

ஒவ்வொரு துடிப்பிலும் உயிரணுவுக்குள் கால்சியத்தின் அளவு உயர்ந்து தசையிழைகளைச் சுருங்கச் செய்கிறது. பின்னர் ஒரு புரதம் அதனை உயிரணுவின் உள்ளறைக்கு மீண்டும் இறைக்க, தசை தளர்கிறது. முதிர்ந்த எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் இந்த இறைப்பு மந்தமாவது தெரிய வந்தது. ஓய்வுநிலையில் சுருங்கும் விசை பெரிதும் குறைவதில்லை. சுருங்கிய தசை தளரவே கூடுதல் நேரம் எடுக்கிறது. முதுமை இதயத்தின் குறையைச் சுருங்கும் வலிமையில் மட்டும் தேடுவது போதாது என்பது இதனால் தெளிவாகும். மனிதரிலும் வயது ஏற ஏற, இதயக் கீழறை தளர்ந்தவுடன் குருதி நிரம்பும் வேகம் குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய மேலறையின் சுருக்கம் கூடுதல் பங்கு வகிக்கிறது.